நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர்: மறைப்பணியும் வரலாற்றாய்வும்

மானிப்பாயில் 1875இல் சைவக் குடும்பத்தில் வைத்திலிங்கமாகப் பிறந்து, இளமையிலேயே கத்தோலிக்கரான சுவாமி ஞானப்பிரகாசர், 1901இல் அமலமரித் தியாகிகள் சபைக் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பின்னர் நல்லூரைத் தளமாகக் கொண்டு நெடுங்காலம் மறைப்பணியாற்றினார். யாழ்ப்பாண அரசரின் தலைநகராக விளங்கியது அவ்வூர்; ஆறுமுக நாவலர் பிறந்ததும் அங்கேயே. அச்சூழலில் மறையுரைக்கும் குருவுக்குச் சைவ நூலறிவும் ஊர்வரலாற்றறிவும் இன்றியமையாதனவாயின. 1928இல் வெளிவந்த ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’, மயில்வாகனப் புலவரின் வைபவமாலைச் செய்திகளைப் பிற சான்றுகளோடு ஒப்புநோக்கி ஆராய்ந்தது. அவர் தொடங்கிய சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதி, 1947இல் அவர் மறைந்தபோது முற்றுப்பெற்றிருக்கவில்லை. அவரை மொழியறிஞராக மட்டும் போற்றுவோர், அப்புலமை விளைந்த நிலம் நல்லூர் மறைப்பணியே என்பதை மறத்தலாகாது.