எச்.ஐ.வி.யும் தற்கொலை அபாயமும்: மறைக்கத் தூண்டும் அச்சம்

ஜெர்மனியின் ஹனோவர் 96 கால்பந்து அணியின் கோல் காப்பாளர் ராபர்ட் என்கே 2009 நவம்பரில் தற்கொலை செய்துகொண்டார். தமது மனச்சோர்வு நோய் வெளியே தெரிந்தால் விளையாட்டு வாழ்வையும் வளர்ப்பு மகளையும் இழக்க நேரிடும் என அவர் அஞ்சியதாக அவரது மனைவி தெரிவித்தார்.

எச்.ஐ.வி. தொற்றுடன் வாழும் பலரும் இத்தகைய அச்சத்தாலேயே மௌனம் காக்கின்றனர். 1996ஆம் ஆண்டு முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவியதும் இவர்களிடையே தற்கொலைகள் வெகுவாகக் குறைந்ததாக, 2010இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வு ஒன்று கூறியது. ஆயினும் பொதுமக்களிடையே காணப்படும் விகிதத்தைவிட அது அதிகமாகவே நீடித்தது; இறந்தவர்களில் பலருக்கு மனநலப் பாதிப்பும் இருந்தது.

இந்தியாவில் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் பாகுபாட்டைத் தடைசெய்து இரகசியத்தைப் பாதுகாக்கிறது. எனினும் சட்டமும் மாத்திரையும் மட்டும் போதா; எச்.ஐ.வி. சிகிச்சையுடன் மனநல ஆலோசனையும் சேர்ந்தே கிடைப்பது அவசியம்.