நீலக்கல் தோற்ற இடம்

1970களில் இந்தியாவில் இதய வால்வை மாற்ற வேண்டுமென்றால், புது வால்வு வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். விலையைக் கேட்டதுமே ஊருக்குத் திரும்பிய குடும்பங்கள் பல.

வால்வு கெட்டவர்களில் பெரும்பாலோர் ஏழைகள், அதுவும் இளவயதினர். சிறுவயதில் தொண்டைப்புண் வரும். பின்னாலேயே காய்ச்சல், மூட்டுவீக்கம். முழங்கால் வலி சில வாரங்களில் போய்விடும். ஆனால் இந்த வாதக் காய்ச்சல் வால்வில் போட்ட தழும்பு மட்டும் போகாது. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கிய பிறகுதான் பலருக்கு விஷயமே தெரியவரும். (மூட்டுகளை ஆண்டுக்கணக்கில் உருக்குலைக்கும் முடக்குவாதம் வேறு நோய். அதுவும் வால்வைத் தொடும் என்றாலும், கத்தி வரை போவது அரிது.)

இந்த நிலையில்தான் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் உள்நாட்டு வால்வு செய்யும் வேலை தொடங்கியது. தலைமை தாங்கியவர் இதய அறுவை நிபுணர் எம்.எஸ். வலியத்தான். ஆய்வுக்கூடம் இருந்தது பூஜப்புரையில், திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் பழைய அரண்மனையில்.

உலோகச் சட்டத்துக்குள் ஒரு வட்டத் தட்டு. ரத்தம் தள்ளும்போது சாய்ந்து திறக்க வேண்டும், திரும்பும்போது மூட வேண்டும். கேட்க எளிது. ஆனால் நிமிடத்துக்கு 70 முறை என்றாலே ஆண்டுக்கு 3.6 கோடி முறைக்கு மேல் ஆகிறது.

முதல் மாதிரி டைட்டேனியம் சட்டத்தின் வெல்டிங்கில் தோற்றது. அடுத்து, தேயவே தேயாத தட்டு வேண்டுமென்று செயற்கை நீலக்கல்லைப் பிடித்தார்கள். கல் தேயவில்லைதான், அது டைட்டேனியத்தைத் தேய்த்தது. சட்டத்தைக் கடினமான கோபால்ட் கலவைக்கு மாற்றினார்கள். இம்முறை சோதனைக்காகப் பொருத்திய செம்மறியாட்டின் உடலுக்குள் கல்லே உடைந்தது.

நான்காவது மாதிரியில் கல்லைக் கைவிட்டு, பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்குக்கு இறங்கி வந்தார்கள். சட்டத்தை வெல்டிங்கே இல்லாமல் ஒரே துண்டிலிருந்து கடைந்தார்கள். அது நின்றது. மென்மையான தட்டு என்பதால் மூடும்போது எழும் 'டிக்' சத்தமும் குறைந்தது.

அந்த மூன்று தோல்விகளைத்தான் பெரிதாகப் பேச வேண்டும் என்று தோன்றுகிறது. ஏறக்குறைய அதே காலத்தில், 1979இல், அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பியோர்க்-ஷைலி வால்வின் ஒரு வகையிலும் வெல்டிங் வைத்த கம்பிதான் உடைந்தது. ஆனால் அங்கே உடைந்தது நோயாளிகளின் நெஞ்சுக்குள். பல நூறு பேர் இறந்தார்கள். 1986இல் அதைத் திரும்பப் பெற்றார்கள்.

சித்ரா வால்வு என்று பெயர் பெற்ற அந்த நான்காவது மாதிரி முதன்முதலில் மனித இதயத்தில் பொருத்தப்பட்டது 1990 டிசம்பர் 6 அன்று. பல மருத்துவமனைகளில் 306 பேரிடம் சோதித்த பின், 1995இல் சென்னையின் டி.டி.கே. குழுமம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிரஷர் குக்கருக்கும் குழந்தைகளின் கிரைப் வாட்டருக்கும் பெயர்போன அதே டி.டி.கே.தான். இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் போயிருக்கின்றன.

விலை குறைந்தாலும் ஒரு தொல்லை விடவில்லை. எந்த உலோக வால்வானாலும் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். அளவு சரிதானா என்று அடிக்கடி ரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டே இருக்க வேண்டும். கருவுறும் பெண்ணுக்கு அந்த மாத்திரையே ஆபத்து. இளம்பெண்களுக்கு எந்த வால்வை வைப்பது என்று இதய மருத்துவர்கள் இன்றும் யோசிப்பது இதனால்தான்.