பானைச் சோறும் தேர்தல் கணிப்பும்

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் கண்ட அளவை. தேர்தலுக்கு முன் மக்களுள் சிலரை வினவி, நாட்டின் மனத்தை அறிய முற்படும் கருத்துக் கணிப்பும் அம்முறையையே பின்பற்றுகின்றது. அதனை எவ்வளவு தூரம் நம்பலாம்? வரலாறு தரும் விடையைக் காண்போம்.

1936-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில், ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்னும் வார இதழ் ஏறத்தாழ 1 கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச் சீட்டுகளை அனுப்பியது. 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விடையளித்தனர். லாண்டன் வெல்வார் என்றது இதழ். வென்றவரோ ரூஸ்வெல்ட்; 48 மாநிலங்களுள் 46 அவர் பக்கம் நின்றன. தொலைபேசியும் மோட்டார் வண்டியும் உடையோர் பட்டியல்களிலிருந்தே பெரும்பாலான பெயர்கள் எடுக்கப்பட்டிருந்தன. கிளறாத பானையின் மேற்சோற்றைத் தொட்டுப் பார்த்த கதை அது! மிகக் குறைந்த தொகையினரை, ஆனால் பல தரத்தாரிலிருந்தும் தேர்ந்து வினவிய ஜார்ஜ் கேலப் சரியாகக் கூறினார். அவரும் 1948-இல் தவறினார். தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பே வினவுவதை நிறுத்தினார், மக்கள் மனமோ அதன் பின்னும் மாறியது, ட்ரூமன் வென்றார்.

நம் நாட்டில் 1950-களில் எரிக் டா காஸ்டா இத்துறைக்கு வித்திட்டார். 2004-ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில், ஆண்ட கூட்டணியே மீண்டும் முந்தும் என்று கணிப்புகள் பலவும் கூறின. முடிவு வேறாயிற்று.

இனி, பண்பொழிக்கு அண்மையிலுள்ள தென்காசியை நோக்குவோம். அச்சட்டமன்றத் தொகுதியில் 2016-இல் செல்வமோகன்தாஸ் பாண்டியன், பழனி நாடாரை 462 வாக்குகளில் வென்றார். 2021-இல் அதே இருவர் மோதினர். இம்முறை பழனி நாடார் 370 வாக்குகள் முந்தியதாக அறிவிக்கப்பட்டது. இரு முறையும் வேறுபாடு நூற்றுக்கு அரைப் பங்கும் இல்லை. முறைப்படி தேர்ந்த 1,000 பேரை வினவினாலும், கிடைக்கும் அளவு நூற்றுக்கு 3 வரை கூடலாம், குறையலாம். இத்தகைய போட்டியில் வெல்பவர் யார் என்று எந்தக் கணிப்பு உறுதி கூற இயலும்?

கணிப்பு பயனற்றது என்பது கருத்தன்று. காற்று வீசும் திசையை அது காட்டும். தொண்டரையும் பொருளையும் எங்கே செலுத்துவது என்று கட்சிகள் ஆராய உதவும். தீங்கு விளைவது, அதனைத் தீர்ப்பென்று மக்கள் மயங்கும்போதுதான். ‘நம்மவர் வெற்றி உறுதி’ என்று வீட்டில் இருந்துவிட்டவரும், ‘தோல்வி உறுதி’ என்று சோர்ந்துவிட்டவரும் சில நூறு பேர் சேர்ந்தால், முடிவே மாறிவிடும். வாக்களித்துத் திரும்புவோரை வினவி எடுக்கும் கணிப்பை, வாக்குப்பதிவு முழுதும் முடியும் முன் வெளியிடலாகாது என்று 2009-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் விதித்ததும் இங்கு நினையத்தக்கது.

மாணவ நண்பர்களே! நாளை வாக்குரிமை பெறப்போகும் நீங்கள், கணிப்பைக் காணும்போது மூன்று வினாக்களை எழுப்புங்கள்: யாரை வினவினர்? எப்போது வினவினர்? எத்தனை பேரை வினவினர்? பின்னர், அது எதைக் கூறினும், வாக்குச் சாவடிக்குச் செல்லுங்கள். சோற்றின் பதத்தைக் கணிப்போர் பார்க்கட்டும். உலையில் அரிசி இடுவது உங்கள் கை.