முறிவின் வரலாறு

மாமல்லபுரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதையடுத்துப் பாம்புத்தோல் ஏற்றுமதிக்கு வந்த தடையும் இருளர்களின் பிழைப்பை நிறுத்திவிட்டன. அதன் பிறகு ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியில் 1978இல் இந்தச் சங்கம் உருவானது. தோலுக்காகப் பாம்பைக் கொன்றவர்கள், கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுக்கத் தொடங்கினார்கள். பிடித்த பாம்பை மண்பானையில் சில வாரம் வைத்திருந்து, வாரத்துக்கு ஒருமுறை நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் போட்டுத் திரும்ப விட்டுவிடுவார்கள். நாட்டில் பாம்புக்கடி மருந்து தயாரிக்கத் தேவைப்படும் நஞ்சின் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது.

அதே சாலையிலும் அதிலிருந்து செங்கல்பட்டுக்குப் பிரியும் சாலைகளிலும் இன்று தோல் சிகிச்சை, அழகு சிகிச்சை நிலையங்களின் பலகைகள் வரிசையாக நிற்கின்றன. கண்ணுக்குக் கீழே விழும் குழியை ஊசியால் நிரப்பித் தருவதாக அவை சொல்கின்றன. நிரப்பியது பிடிக்கவில்லையென்றால் கரைத்துவிடலாம் என்றும் சொல்கின்றன. கரைப்பதற்குப் பயன்படும் பொருளின் பெயர் ஹயலுரானிடேஸ். அது ஒரு நொதி. நல்ல பாம்பின் நஞ்சிலும் கண்ணாடி விரியனின் நஞ்சிலும் அதே வகை நொதி இருக்கிறது. மருத்துவமனைக் குப்பியில் வருவது பாம்பிலிருந்து எடுத்ததல்ல. காளை அல்லது செம்மறியின் விதையிலிருந்தோ மரபணுத் தொழில்நுட்பத்தின் மூலமோ கிடைப்பது. ஆனால் செய்கிற வேலை ஒன்றே. இந்த நொதியின் கதையைச் சொன்னால், பெண்ணின் முகத்தில் போட்டதைத் திரும்ப எடுப்பது என்றால் என்ன என்பதும் விளங்கும்.

1928இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் பிரான்சிஸ்கோ டூரான் ரெய்னால்ஸ் என்ற ஸ்பானிய அறிவியலாளர், முயலின் விதையிலிருந்து எடுத்த சாற்றைக் கிருமியோடு கலந்து தோலில் செலுத்தினால் கிருமி வழக்கத்தைவிட வேகமாகப் பரவுவதைக் கண்டார். அந்தச் சாற்றில் இருந்த ஏதோ ஒன்றுக்குப் ‘பரப்பும் காரணி’ என்று பெயர் வந்தது. 1930களில் அவரே பாம்பு நஞ்சிலும் அதைக் கண்டறிந்தார். தோலுக்கடியில் செல்களுக்கு நடுவே இருக்கும் கூழைக் கரைத்து வழி திறந்துவிடுவதால்தான் நஞ்சு உடலுக்குள் விரைந்து ஓடுகிறது. ஆணின் விந்தணு முட்டையைச் சூழ்ந்திருக்கும் படலத்தைக் கடப்பதற்கும் இதே நொதி உதவுகிறது.

கரைபடும் கூழின் பெயர் ஹயலுரானிக் அமிலம். 1934இல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் அதை மாட்டுக் கண்ணின் உள்ளிருக்கும் தெளிந்த கூழிலிருந்து பிரித்தெடுத்தார்கள். கண்ணாடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வைத்தார்கள். பரப்பும் காரணியும் இந்தக் கூழைக் கரைக்கும் நொதியும் ஒன்றே என்று 1940இல் எர்ன்ஸ்ட் செயினும் டூதியும் காட்டினார்கள். பிற்பாடு பெனிசிலினுக்காக நோபல் பரிசு பெற்ற அதே செயின்தான். பிறகு எண்ட்ரே பலாஷ் சேவல் கொண்டையிலிருந்து இந்தக் கூழைத் தூய்மையாக எடுத்தார். கண் அறுவை சிகிச்சைக்கு அது பயன்பட்டது. நம் ஊர்ப் பாட்டிகளுக்குக் கண்புரை அறுவைக்கு முன் போடும் மரப்பு ஊசி மருந்தில் பல காலமாக ஹயலுரானிடேஸ் கலந்திருக்கிறது. மருந்து கண்ணைச் சுற்றிப் பரவ வேண்டும் என்பதற்காக. ஆகவே அழகு நிலையம் இந்த இரண்டு பொருளையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. கண் மருத்துவத்திலிருந்து எடுத்துக்கொண்டது.

முகத்தை நிரப்பும் ஆசை இவற்றைவிடப் பழையது. 1899இல் வியன்னாவில் ராபர்ட் கெர்சூனி என்ற அறுவை மருத்துவர், காசநோயால் விதையை இழந்த ஓர் ஆணுக்கு அந்த இடத்தை நிரப்ப வாசலினை ஊசியில் ஏற்றினார். ஆணின் இழப்பை மறைக்க வந்த ஊசி சில ஆண்டுகளிலேயே பெண்களின் கன்னத்துக்கும் மூக்குக்கும் மார்புக்கும் இடம் மாறியது. பின்னாளில் மார்ல்பரோ சீமாட்டியான கிளாடிஸ் டீக்கன் இளம்வயதில் தன் மூக்கின் வடிவத்தைச் சரிசெய்யப் பாரஃபின் மெழுகை ஏற்றிக்கொண்டார். மெழுகு இடம்விட்டு நகர்ந்து முகத்தைக் குலைத்தது. அதைக் கரைக்க எந்த மருந்தும் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் பெண்களின் மார்பில் திரவ சிலிகோன் ஏற்றப்பட்டபோதும் அதே கதைதான். போட்டவர்கள் போய்விட்டார்கள், போட்டது உடலிலேயே இருந்தது.

இந்த வரலாற்றின் பின்னணியில்தான் ஹயலுரானிக் ஃபில்லரின் வருகையைப் பார்க்க வேண்டும். 1996இல் ஐரோப்பாவிலும் 2003இல் அமெரிக்காவிலும் அது சந்தைக்கு வந்தது. முதன்முறையாக, போட்ட பிறகு மனம் மாறினால் திரும்பிவர ஒரு வழி இருந்தது. பெண்ணுடலின் வரலாற்றில் இது சிறிய விஷயமல்ல. ஆனால் திரும்பிவரும் வழி வெகு விரைவில் உள்ளே இழுக்கும் வழியாகிவிட்டது. ‘எப்போது வேண்டுமானாலும் கரைத்துக்கொள்ளலாம், யோசிக்க என்ன இருக்கிறது?’ என்பது விற்பனை வாக்கியமானது. கண்ணுக்குக் கீழே போடுவதற்கென்று ஒரு ஃபில்லருக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு முதன்முதலில் ஒப்புதல் தந்தது 2022இல்தான். அதற்கு முன்பே ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக அந்த மெல்லிய இடத்தில் ஊசி ஏறிக்கொண்டிருந்தது.

உடலிலேயே தோல் மிக மெல்லியதாக இருக்கும் இடங்களில் கண்ணிமையும் அதன் கீழ்ப்பகுதியும் சேரும். அங்கே மேலாக விழுந்த ஃபில்லர் ஒளியைச் சிதறடித்து நீலம் பாய்ந்ததுபோலத் தெரியும். இதை டிண்டால் விளைவு என்கிறார்கள். ஃபில்லர் நீரை ஈர்ப்பதால் காலையில் கண் வீங்கியிருக்கும். ஓராண்டில் தானாகக் கரைந்துவிடும் என்று சொல்லப்பட்டது பல ஆண்டு கழித்தும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அப்படியே தெரிந்ததுண்டு.

என்னிடம் முதுகலை படித்த பெண் ஒருத்தி, இந்தக் கடற்கரைச் சாலை விடுதி ஒன்றில் வரவேற்பில் வேலை பார்ப்பவள், போன வருடம் கல்லூரிக்கு என்னைப் பார்க்க வந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் கண்ணுக்குக் கீழே போட்டிருக்கிறாள். எட்டு மாதமாகியும் இரண்டு பக்கமும் நீல நிறத்தில் தடித்திருந்தது. “மேடம், அழுதியான்னு தினம் யாராவது கேக்கறாங்க. இத எடுத்துட முடியுமா?” என்றாள். “என்ன போட்டாங்கன்னு தெரியுமாம்மா?” என்று கேட்டேன். தெரியவில்லை. பில்லில் ‘அண்டர் ஐ ட்ரீட்மென்ட்’ என்ற வார்த்தையும் தொகையும் மட்டும் இருந்தன. மருந்தின் பெயர் இல்லை, அளவு இல்லை, குப்பியோடு வரும் ஒட்டுச்சீட்டு இல்லை.

அவள் கேட்டதற்கு விடை அந்த ஒட்டுச்சீட்டில்தான் இருக்கிறது. வடநெம்மேலிக்காரர்களுக்கு இது பாலபாடம். இந்தியாவில் கிடைக்கும் பாம்புக்கடி மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சைக் குதிரைக்கு ஏற்றித் தயாரிப்பது. அந்த நான்குக்குத்தான் அது முறிவு. மேற்குத்தொடர்ச்சி மலையின் கூன்மூக்கு விரியன் கடித்தால் அது கேட்காது. ஹயலுரானிடேஸும் அப்படியே. ஹயலுரானிக் அமிலத்தை மட்டும் கரைக்கும். கால்சியம் ஹைட்ராக்ஸிஅபடைட், பி.எம்.எம்.ஏ., சிலிகோன், சொந்த உடலிலிருந்து எடுத்த கொழுப்பு எதையும் அது தொடாது. அவற்றுக்கு வேறு சிகிச்சை, சில சமயம் கண்ணிமை அறுவையில் பயிற்சி பெற்ற மருத்துவரின் கத்தி. என்ன உள்ளே போனது என்று தெரியாமல் முறிவு கிடையாது.

அவளுக்குப் பிறகு நடந்ததையும், நானும் அவளுமாகத் தோல் மருத்துவர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். முதலில் பழைய நிலையத்திடம் எழுத்துமூலமாக விவரம் கேட்டாள். விவரம் கிடைக்காதபோது அல்ட்ராசவுண்டில் தோலுக்கடியில் என்ன இருக்கிறது, எந்த ஆழத்தில் இருக்கிறது என்று பார்க்க முடியும். அடுத்து ஒவ்வாமை. தேனீ, குளவிக் கொடுக்கிலும் இந்த நொதி உண்டு. ஆகவே தேனீ கொட்டி மூச்சுத்திணறிய அனுபவம் இருந்தால் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். அவசரமில்லாத நிலையில் முன்கையில் ஒரு சொட்டு ஏற்றி இருபது, முப்பது நிமிடம் பார்ப்பது வழக்கம். ஒவ்வாமை வந்தால் சமாளிக்க அட்ரினலின் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அது இல்லாத அறையில் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளக் கூடாது. அந்த இடத்தில் சீழோ தொற்றோ இருந்தால் முதலில் அதற்கு மருத்துவம். கர்ப்பமாக இருந்தாலோ பாலூட்டினாலோ அதையும் சொல்ல வேண்டும்.

நீலமும் வீக்கமும் அவசர நோய்கள் அல்ல. குறைந்த அளவில் தொடங்கி, இரண்டு வாரம் பொறுத்து, தேவைப்பட்டால் மறுபடி போடலாம். ஒரே நாளில் மொத்தத்தையும் கரைக்கச் சொல்லி நாமும் நெருக்கக் கூடாது. பெரும்பாலும் ஓரிரு நாளில் மாற்றம் தெரியும். நடுவில் வீக்கமும் ரத்தக்கட்டும் வரலாம். நொதி நம் உடலின் சொந்தக் கூழையும் கொஞ்சம் கரைக்கும். ஆனால் உடலில் இருக்கும் ஹயலுரானிக் அமிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நாள்தோறும் அழிந்து புதிதாக உருவாகிறது என்பதால் அந்த இழப்பு ஈடாகிவிடும். வீட்டில் அழுத்தித் தேய்ப்பதும், குப்பியை இணையத்தில் வாங்கி யாரையாவது விட்டுப் போட்டுக்கொள்வதும் ஆபத்து.

அவசரம் வேறு. ஃபில்லர் போடும்போதோ போட்ட சில மணி நேரத்திலோ கடும் வலி வந்தால், தோல் வெளுத்தால், வலைபோல நீலம் படர்ந்தால், பார்வை மங்கினால், ரத்தக் குழாய் அடைபட்டிருக்கலாம். முகத்தின் ரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாயோடு இணைந்திருக்கின்றன. அப்போது ஒவ்வாமைச் சோதனைக்குக் காத்திருக்க நேரமில்லை. அதே இடத்திலேயே, அப்போதே, கூடுதல் அளவில் ஹயலுரானிடேஸ் போட வேண்டும். பார்வை பாதித்திருந்தால் கண் அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும். போன பார்வை நொதியால் திரும்புவது அரிது. எனவே ‘உங்களிடம் ஹயலுரானிடேஸ் இருப்பு இருக்கிறதா?’ என்பது ஃபில்லர் போடுவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி.

கரைத்த பிறகு அவள் முகத்தில் பழைய குழி திரும்பி வந்தது, முன்பைவிடக் கொஞ்சம் ஆழமாக. விரிந்த தோல் அடங்க நாளாகும் என்றார் மருத்துவர். அந்த நாட்கள்தான் அவளுக்குக் கடினமாக இருந்தன. உடனே மறுபடி நிரப்பச் சொல்லும் குரல்கள் அப்போதுதான் உரக்கக் கேட்கும். குறைந்தது இரண்டு வாரம் எதையும் முடிவு செய்யாமல் இருப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதி.

தமிழ் படித்தவளாக எனக்கு இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. திருக்குறள் காமத்துப்பாலில் கண்விதுப்பழிதல், பசப்புறுபருவரல் என்று இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. பெண்ணின் கண்ணும் நிறமும் அங்கே பிரிந்துபோன ஆணுக்குச் சாட்சி. இன்றைய விளம்பரத்தில் அதே கண்ணின் கீழ் நிழல் ஒரு குறை. இரண்டிலும் அவளுடைய உறக்கத்துக்கோ உணவுக்கோ இடமில்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. வெளிறிய தோலில் கருவளையம் கூடுதலாகத் தெரியும். இரவுப்பணி முடித்து வந்து விடியற்காலையில் அடுப்பு மூட்டுபவளின் முகத்தில் ஊசி ஏற்றுவதற்கு முன் ஹீமோகுளோபின் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

பெயரில்லாமல் போவது ஊசிமருந்து மட்டுமல்ல. வயல் வரப்பில் வளை தோண்டிப் பாம்பு தேடுவதில் இருளர் பெண்களும் ஆண்களோடு நிற்கிறார்கள். 2023இல் செங்கல்பட்டு மாவட்டத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தபோது நாம் மகிழ்ந்தோம். அந்த அறிவின் மறுபாதியைச் சுமக்கும் பெண்களின் பெயர் நமக்குத் தெரியவில்லை. தண்டரையில் 1986இல் உருவான இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் மூலிகை அறிவைப் பெண்களின் பேரில் நிறுத்தியிருப்பது அதனால் முக்கியமாகிறது.

சட்டம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. சோதனைக்காக மட்டும் சம்மதித்த ஒரு பெண்ணின் கர்ப்பப்பையையும் சூலகங்களையும் அவள் மயக்கத்தில் இருந்தபோது அகற்றிய வழக்கில், 2008இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: ஒன்றுக்குத் தந்த சம்மதம் இன்னொன்றுக்கு ஆகாது. என்ன செய்யப்போகிறார்கள், என்ன ஆபத்து, வேறு வழி என்ன என்று அறிந்து தருவதுதான் சம்மதம். மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளி தன் சிகிச்சை ஆவணத்தைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அழகுக்காகப் போட்ட ஊசி என்பதால் வெட்கப்பட்டுக் கேட்காமல் இருக்கத் தேவையில்லை. வெட்கம் அவர்களுடைய கல்லாவைத்தான் காக்கிறது.

போட்டுக்கொள்வதா வேண்டாமா என்பதை ஒவ்வொருத்தியும் தானே முடிவு செய்யட்டும். போட்டுக்கொண்டவளைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமையில்லை. கரைக்க வந்தவளுக்குப் புத்தி சொல்லவும் உரிமையில்லை. ஆனால் உள்ளே போவதற்குப் பெயர் வேண்டும், அளவு வேண்டும், தேதி வேண்டும். குப்பியின் ஒட்டுச்சீட்டைக் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டும் ஆதாரும் வைத்திருக்கும் அதே உறையில் வைத்துக்கொள்ளுங்கள்.