காற்றை ஆண்டவர்கள்

சென்ற கோடையில் தூத்துக்குடிக்குப் போயிருந்தபோது, மைத்துனர் வீட்டுப் பரணிலிருந்து என் மகன் ஒரு பழைய பொம்மையைக் கண்டெடுத்தான். இடுப்புக்குப் பின்னால் அதற்கு ஒரு சின்னச் சக்கரம். கட்டைவிரலால் அதை உருட்டினால் மார்பும் கைகளும் கிறுகிறுவென்று சுழலும். பார்த்தவுடனே எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. ஹீ-மேன் கூட்டத்தைச் சேர்ந்த ஸைக்ளோன்! அமெரிக்காவின் மேட்டல் கம்பெனி 1985-ல் விற்பனைக்கு விட்ட பொம்மை. கார்ட்டூன் படங்களிலும் தலை காட்டியவன். சுழன்று சுழன்று சூறாவளியைக் கிளப்பி எதிரிகளைத் தூக்கி எறிவதுதான் அவன் உத்தியோகம்.

"நிஜத்தில் இப்படிக் காற்றை வைத்துச் சண்டை போடுகிற ஆள் உண்டாப்பா?" என்று கேட்டான் பையன்.

"சண்டை போட்டவன் உண்டோ என்னவோ, வேலை வாங்கியவன் உண்டு" என்றேன். சொல்லிவிட்ட பிறகுதான், அதற்கு அத்தாட்சி காட்ட வேண்டிய கடமை என் தலையில் விழுந்தது.

நல்ல வேளையாகப் புறநானூறு கைகொடுத்தது. அதில் அறுபத்தாறாம் பாட்டைப் பாடியவர் வெண்ணிக் குயத்தியார். மண் பிசைந்து சட்டிபானை வனைந்த குலத்துப் பெண். வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனை, கடலில் கப்பலோட்டிக் காற்றையே ஏவல் கொண்டவனின் வழித்தோன்றலே என்று அந்த அம்மாள் அழைக்கிறார். அப்படி அழைத்துவிட்டு, உன்னைவிட உன்னிடம் தோற்று வடக்கிருந்தானே, அவனல்லவா நல்லவன் என்றும் கேட்டுவிடுகிறார்! அந்தத் துணிச்சலைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இப்போது எனக்கு வேண்டியது அந்த மூதாதை. காற்றுக்கு வேலை கொடுத்த அந்த மகாவீரனின் பெயரைப் பாட்டு சொல்லவில்லை.

மேற்கே கதை வேறு. பருவக்காற்றைப் பிடித்துக்கொண்டு நடுக்கடலில் நேராக இந்தியாவுக்கு வரும் வழியைக் கண்டவன் ஹிப்பாலஸ் என்ற மாலுமி என்று, கிறிஸ்து பிறந்த முதல் நூற்றாண்டில் எழுதிய 'பெரிப்ளூஸ்' ஆசிரியர் பெயரோடு குறித்து வைத்தார். நம் கொற்கையும் அந்தப் புத்தகத்தில் வருகிறது. அங்கே முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்கிறார். கைதிகளுக்கும் பெயர் இல்லை.

முத்துக்குளிப்பு என்றதும் நம் எழுத்தாளர்கள் மூச்சடக்கும் வித்தையைத்தான் வர்ணிப்பார்கள். நானும் ஒரு கதையில் அப்படி எழுதி மாட்டிக்கொண்டேன். என் கதாநாயகன் காலையில் சாவகாசமாகக் காபி குடித்துவிட்டுப் படகேறினான். கடற்கரை ஊர் வாசகர் ஒருவர் கார்டு போட்டார்: "உங்கள் ஆள் பாருக்குப் போய்ச் சேருவதற்குள் எதிர்க்காற்று எழும்பிவிடுமே, ஐயா!"

அவர் சொன்னது முற்றிலும் சரி. இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும். பகலில் தரை காய்ந்ததும் அதே காற்று திரும்பிக் கடலிலிருந்து கரைக்கு வரும். இரண்டு பருவமழைகளுக்கும் நடுவே கடல் அடங்கித் தெளிந்திருக்கும் மாசி, பங்குனி மாதங்களில் இந்தப் போக்குவரத்து ஒழுங்காக நடக்கும். ஆகவே படகுகள் இரவிலேயே கரைக்காற்றில் பாய் விரித்துக் கிளம்பின. விடியும்போது பாரின்மேல் நிற்கும். நடுப்பகல் வரை, காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஒருவன் இறங்க, மேலே ஒருவன் கயிற்றைப் பிடித்திருப்பான். பிறகு கடல்காற்று படகுகளைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். பிரிட்டிஷ் ஆட்சியில் வந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. காற்று மட்டும் பங்கு கேட்கவில்லை. 1955-லிருந்து 1961 வரை ஆண்டுதோறும் நடந்த முத்துக்குளிப்போடு அந்தத் தொழில் முடிந்தது.

1876-ல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. கரையோரம் ஆழமில்லாததால் நீராவிக் கப்பல்கள் சில மைல் தள்ளியே நங்கூரம் போட்டன. மூட்டைகளைப் படகுகள்தாம் சுமந்தன. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைச் சரித்தது. குடை இனாம் என்றது. 1908-ல் அவரைச் சிறைக்கே அனுப்பியாயிற்று. இந்தக் கதையைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். படிக்காதது ஒன்று உண்டு: இரண்டு கம்பெனிகளும் நிலக்கரியை எரித்துக்கொண்டு மோதிய அதே கடலில், இந்த ஊர்த் தோணிகள் வெறும் காற்றை நம்பிக் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டுதான் இருந்தன. ஜோ டி குரூஸின் 'கொற்கை' நாவல் வந்த பிறகுதான் தோணிக்காரர்களின் வாழ்க்கை நம் வாசகர்களுக்குச் சரியாகத் தெரிந்தது என்பேன். 2013-ல் அதற்குச் சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது.

1974-ல் ஆழ்கடல் துறைமுகம் வந்தது. அதன்பின் தோணிகளிலும் இயந்திரம் ஏறியது; பாய்கள் மெல்லச் சுருண்டன. காற்றுக்கு அதே ஊர் வேறு வேலை கொடுத்தது: 1986-ல் பக்கத்து முள்ளக்காட்டில் மின்சாரக் காற்றாலைகள் நிறுத்தினார்கள். நாட்டிலேயே முதல் வரிசையில் வந்தவை அவை.

மைத்துனர் பழைய துறைமுகத்தருகே ஒரு பெரியவரிடம் எங்களை அழைத்துப் போனார். பாய்த்தோணியில் தண்டலாக இருந்தவர். எண்பதுக்கு மேல் வயது. கொழும்புக்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன்.

"கச்சான் நல்லா விழுந்தா ரெண்டு நாளு போதும் தம்பி. காத்து செத்துப்போச்சுன்னா கணக்கே கிடையாது. குடிதண்ணிய அளந்து குடுத்துக்கிட்டு நடுக்கடல்ல கெடப்போம். அந்தப் பக்கம் வாடை கெளம்புனா வீட்டு ஞாபகம் வந்துரும்."

"பயமாக இருக்காதா?"

"எங்கய்யா போன தோணி வரல்ல. அதுக்குப் பொறவும் நான் போனேன்."

தகப்பனாரின் பெயரைக் கேட்டேன். சொன்னார். பையன் அதற்குள் பொம்மையை அவர் கையில் கொடுத்து, "இவன்தான் காற்று வீரன், தாத்தா" என்றான். பெரியவர் சக்கரத்தை ஒருமுறை உருட்டினார். கைகள் சுழல்வதைப் பார்த்துவிட்டு, பொம்மையைத் திருப்பி முதுகுப்பக்கம் எதையோ தேடினார்.

"ஏன் மக்கா, இவனுக்குப் பாய் எங்க?"