பெட்டிகளை எண்ணுதல்

அண்ணனூர் ஸ்டேஷனுக்கு ஒட்டினாற்போல மின்சார ரயில்களின் கார் ஷெட் இருக்கிறது. ஓடாமல் நிற்கும் பெட்டிகளை நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் இங்கே பார்க்கலாம். ஒவ்வொரு பெட்டியின் மேலும் பெயின்டில் எழுதியிருப்பார்கள்: பெட்டியின் எண், கடைசியாக எப்போது முழுசாகப் பிரித்துப் பார்த்தார்கள், அடுத்து எப்போது திரும்பி வரவேண்டும். வருஷக்கணக்காக அதில் ஏறி இறங்கியும் நான் கவனித்ததில்லை. காட்டிக்கொடுத்தவர் என்னோடு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்த டிராஃப்ட்ஸ்மேன். அவரும் அண்ணனூர்க்காரர். 2012இல் தினமும் ஒரே வண்டியில் பட்டரவாக்கம் வரை போவோம்.

"ரெஜிஸ்டரைத் தனியா வெச்சா தொலைஞ்சுடும்னு பெட்டி மேலேயே எழுதிட்டான் பாருங்க தம்பி" என்றார்.

எனக்கு அது சுருக்கென்று பட்டது. ஏனென்றால் அந்த மாதம் என் வேலையே தொலைந்துபோன ஒரு ரெஜிஸ்டரைத் திரும்ப எழுதுவதுதான். கம்பெனியில் மொத்தம் எத்தனை கம்ப்யூட்டர்? யாருக்கும் தெரியாது. பர்ச்சேஸ் ஒரு எண்ணிக்கை சொல்வார்கள், அக்கவுன்ட்ஸ் வேறொன்று சொல்வார்கள், செக்யூரிட்டி கேட் பாஸ் புத்தகத்தில் மூன்றாவதாக ஒன்று இருக்கும்.

சொத்தை எண்ணுவது கம்பெனிகளின் விருப்பம் சார்ந்த விஷயம் இல்லை. ஆடிட்டர் தன் அறிக்கையில் எதையெல்லாம் சொல்லியாக வேண்டும் என்று மத்திய அரசு 2003இல் ஒரு உத்தரவு போட்டது. ஆடிட்டர்கள் வாயில் அது 'காரோ'. அதன் முதல் கேள்வியே இதுதான்: நிலையான சொத்துகளின் எண்ணிக்கை, அவை இருக்குமிடம் உட்பட முழு விவரமும் பதிவேட்டில் இருக்கிறதா? நிர்வாகம் அவற்றை அவ்வப்போது நேரில் போய்ச் சரிபார்த்ததா? அப்புறம் வந்த 2015, 2016, 2020 உத்தரவுகளிலும் அந்தக் கேள்வி ஏதோ ஒரு வடிவத்தில் இருந்துகொண்டே இருக்கிறது. 'இருக்குமிடம்' என்ற வார்த்தையை இங்கே ஓரமாக வைத்துவிட்டு நகர்கிறேன், பிறகு தேவைப்படும்.

நேரில் சரிபார்ப்பது என்றால் மார்ச் மாதத்தில் பேட், பேனா, ஸ்க்ரூ டிரைவரோடு நடப்பது. ஸ்க்ரூ டிரைவர் எதற்கு என்றால், சிபியு மேல் ஒட்டிய ஸ்டிக்கர் 'ரேம் 2 ஜிபி' என்று சொல்லும், திறந்து பார்த்தால் ஒரு ஜிபிதான் இருக்கும். மீதி எந்த வீட்டில் ஓடிக்கொண்டிருந்ததோ. வெளியே எழுதிவைப்பதில் உள்ள சங்கடம் இது. ரயில் பெட்டியின் உள்ளே யாரும் கைவைத்து எஞ்சின் பாகத்தை பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போவதில்லை என்பதால் பெயின்ட் போதும். கம்ப்யூட்டருக்குப் போதாது. அது தன்னைப் பற்றித் தானே பேச வேண்டும்.

அப்படிப் பேசவைக்கும் முயற்சிகளில் உலகம் முழுக்கப் பரவிய ஒன்று 1988இல் வந்தது. அந்த ஆகஸ்டில் ஜெஃப்ரி கேஸ், மார்க் ஃபெடோர், மார்ட்டின் ஸ்காஃப்ஸ்டால், ஜேம்ஸ் டேவின் ஆகிய நான்கு பேர் ஆர்.எஃப்.சி. 1067 என்ற ஆவணத்தை வெளியிட்டார்கள். எஸ்.என்.எம்.பி. என்று நெட்வொர்க்காரர்கள் தினமும் உச்சரிக்கும் நெறிமுறை அது. ரூட்டர் போன்ற கருவிக்குள் ஒரு சின்ன நிரல் உட்கார்ந்திருக்கும், பெயர் ஏஜென்ட். தூரத்தில் உள்ள மேனேஜர் கேட்டால் அது பதில் சொல்லும்: இத்தனை நேரமாக விழித்திருக்கிறேன், இந்த போர்ட் வழியாக இவ்வளவு டேட்டா போனது. ஏதாவது விபரீதம் என்றால் தானாகவும் ஒரு குரல் கொடுக்கும். ஏஜென்ட்டின் வேலை முடிந்தவரை எளிமையாக இருக்க வேண்டும், சிக்கலெல்லாம் மேனேஜர் பக்கம் இருக்கட்டும் என்பது வடிவமைத்தவர்களின் எண்ணம். மதிப்பை மாற்றச் சொல்லும் கட்டளையும் அதில் உண்டு. ஆனால் கடவுச்சொல் மாதிரியான ஒன்று நெட்வொர்க்கில் அப்படியே வெளிப்படையாகப் போகும், பல கருவிகளில் அது 'பப்ளிக்' என்றே இருக்கும். அதனால் பயந்து, பலரும் மாற்றும் வசதியை அணைத்துவைத்தார்கள். கேட்டதற்குப் பதில் சொல்வதோடு ஏஜென்ட் நின்றுகொண்டது.

ஏஜென்ட்டைத் தமிழில் முகவர் என்கிறோம். எங்கள் தெருவுக்கு வரும் எல்ஐசி ஏஜென்ட் மாமாவை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். அப்பாவுக்குப் பணம் கட்ட முடியாத மாதங்களில் தானே கட்டிவிட்டு அப்புறம் வாங்கிக்கொள்வார். அவர் எங்கள் ஆளா, கம்பெனியின் ஆளா என்று வீட்டில் யாரும் யோசித்ததில்லை.

இங்கே சென்னை வருகிறது. ஸோஹோவைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்தோ வேட்டியிலிருந்தோ ஆரம்பிப்பார்கள். எனக்கு போர்ட் 161இலிருந்து ஆரம்பிக்கத்தான் பிடிக்கும். எஸ்.என்.எம்.பி. ஏஜென்ட் காது வைத்துக் கேட்கும் வாசல் அது. 1996இல் ஸ்ரீதர் வேம்பு, டோனி தாமஸ் முதலானவர்கள் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம், நெட்வொர்க் கருவி தயாரிப்பவர்களுக்கு எஸ்.என்.எம்.பி. மென்பொருள் துண்டுகளை ஜாவாவில் எழுதி விற்றது. எழுதியது பெரும்பாலும் சென்னையில். 2000-01இல் டெலிகாம் சந்தை சரிந்து, வாங்கிக்கொண்டிருந்த நிறுவனங்களே காணாமல் போக ஆரம்பித்தன. கருவி செய்பவர்களை விட்டுவிட்டுக் கருவி வைத்திருப்பவர்களிடம் போவோம் என்று 2002இல் மேனேஜ்எஞ்சின் பிறந்தது. மெயில், கணக்கு என்று நாம் இன்று அறியும் ஸோஹோவுக்கு அந்தப் பெயர் நிறுவனப் பெயராக வந்தது 2009இல்தான். அதற்கு முன்பே சென்னைப் பையன்கள் உலகத்து அலுவலகங்களின் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

எண்ணுவது ஏன் திடீரென்று அவசரமானது என்பதற்கு எனக்கு ஒரு நேரடி ஞாபகம் உண்டு. 2003 ஆகஸ்டில் ஆவடியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்தேன். திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்து 60 வினாடியிலிருந்து கீழே எண்ணியது. பூஜ்யம் வந்ததும் மெஷின் அணைந்து மறுபடி எழுந்தது, மறுபடி எண்ணியது. "வைரஸ்ப்பா, காசு வேணாம், எழுந்துரு" என்றார் கடை அண்ணன். அது பிளாஸ்டர். ஆகஸ்ட் 11இல் பரவ ஆரம்பித்தது. அதை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஜூலை 16ஆம் தேதியே வெளியிட்டுவிட்டது. மருந்து கையில் இருந்த அந்த 26 நாளில் எந்தெந்தப் பெட்டிக்கு அதைக் கொடுத்தோம், எதற்குக் கொடுக்கவில்லை என்று அலுவலகங்களுக்குத் தெரியவில்லை. எத்தனை பெட்டி என்றே தெரியாதவர்களுக்கு அது எப்படித் தெரியும். அந்த அக்டோபரிலிருந்து மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை திருத்தங்கள் வெளியாகும் என்று ஒரு நாள் குறித்தார்கள். நமக்கு அது ராத்திரி பத்தரை அல்லது பதினொன்றரை மணி. இந்தத் தொழிலில் இருப்பவர்களின் வீட்டில் கேட்டுப் பாருங்கள், புதன்கிழமைகளைப் பற்றி.

மையத்திலிருந்து ஒவ்வொரு பெட்டியின் கதவையும் தட்டி விவரம் கேட்பது ஒரு வழி. 2004 ஆகஸ்டில் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2, விண்டோஸின் ஃபயர்வாலைத் தானாகவே போட்டுவிட்டது. வெளியிலிருந்து தட்டினால் கதவு திறக்காது. உள்ளே ஒரு ஆளை உட்காரவைத்து, அவனே வெளியே வந்து சேதி சொல்லும்படி செய்வதுதான் சுலபம். 1994லேயே மைக்ரோசாஃப்டின் எஸ்.எம்.எஸ். இந்த வேலையைச் செய்தது, ஆனால் அது பெரிய கம்பெனிகளின் பணத்துக்கும் பொறுமைக்கும் ஏற்றது. 2000களின் நடுவில் மேனேஜ்எஞ்சினின் டெஸ்க்டாப் சென்ட்ரல் மாதிரியானவை வந்தபோது அம்பத்தூர் எஸ்டேட் அளவுக் கம்பெனிக்கும் அது எட்டியது. அதன் ஏஜென்ட் 90 நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரைத் தொடர்புகொள்ளும். என்ன மென்பொருள், என்ன வன்பொருள் என்று சொல்லும். எனக்கு ஏதாவது வேலை இருக்கிறதா என்றும் கேட்கும். இருந்தால், அந்தப் பெட்டியில் இருக்கும் அதிகபட்ச அதிகாரத்தோடு செய்துமுடிக்கும். 1988இன் ஏஜென்ட்டுக்கு இவன் தூரத்துச் சொந்தம்தான், ஆனால் இவன் கையில் சாவி இருக்கிறது.

எங்கள் கம்பெனியில் 2012இல் ஏஜென்ட்டைப் போட்டது நான். எந்தத் தயாரிப்பு என்பது முக்கியமில்லை. டொமைனில் இருந்தவற்றுக்கு லாகின் ஸ்கிரிப்ட், மற்றவற்றுக்குப் பென் டிரைவோடு நடை. முதல் ஸ்கேனில் எண்ணிக்கை குறைவாக வந்தது. குழம்பிப்போய்ப் பார்த்தால், முப்பதுக்கு மேற்பட்ட பெட்டிகள் ஒரே பெட்டியாகப் பதிவாகியிருந்தன. ரிச்சி ஸ்ட்ரீட்டில் அசெம்பிள் செய்தவை. பிராண்டட் மெஷினில் பயாஸுக்குள் சீரியல் நம்பர் எழுதியிருக்கும். இவற்றில் அந்த இடத்தில் 'டு பி ஃபில்டு பை ஓ.இ.எம்.' என்று இருந்தது. தயாரிப்பாளர் நிரப்பிக்கொள்ளவும் என்று அர்த்தம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் யார் உட்கார்ந்து நிரப்புவது? முப்பது பிள்ளைகளும் ஒரே பெயர் சொல்லிக் கையைத் தூக்கியிருக்கின்றன. நெட்வொர்க் கார்டின் எண்ணை வைத்துப் பிரித்து எடுக்க ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்ல வேண்டும். முதல்முறையாகக் கம்பெனியில் ஒரே ஒரு எண்ணிக்கை இருந்தது, அது என்னிடம் இருந்தது.

அடுத்த மாதம் மேலே இருந்து ஒரு கேள்வி வந்தது. டிராயிங் சாஃப்ட்வேரின் லைசென்ஸ் விலை அதிகம், யார் குறைவாகப் பயன்படுத்துகிறார்கள்? ஏஜென்ட்டுக்கு அதுவும் தெரியும். எந்த நிரல் எத்தனை நேரம் திறந்திருந்தது என்று குறித்துவைக்கும். பட்டியல் எடுத்தேன், குறைவிலிருந்து அதிகமாக வரிசைப்படுத்தினேன். முதல் வரியில் என் ரயில் சிநேகிதர். மாதத்துக்கு 11 மணி நேரம்.

அவர் நாளின் பெரும்பகுதி ஷாப் ஃப்ளோரில் இருப்பார். தேய்ந்த பாகத்தை வெர்னியரால் அளந்து, சலானின் பின்பக்கம் பென்சிலில் வரைந்து, அளவு குறித்து, டிராயிங் செக்‌ஷனில் இருக்கும் பையன்களிடம் கொடுப்பார். அவர்கள் கணினியில் வரைவார்கள். அவர்களுக்கு 160 மணி நேரம் காட்டியது. அந்த 160இல் எவ்வளவு இவருடைய சலான் தாள் என்று ஏஜென்ட்டுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பட்டியலை அனுப்பும்போது அதை எழுதவில்லை, கேட்டது பட்டியலைத்தான் என்பதால். லைசென்ஸ் போனது, பெட்டியும் வேறு மேஜைக்குப் போனது. அடுத்த வருஷம் ஆள் குறைத்தபோது "அவருக்குச் சிஸ்டமே கிடையாதே" என்று யாரோ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். ரிட்டயர்மென்ட்டுக்கு இரண்டு வருஷம் இருக்க, செட்டில்மென்ட் வாங்கிக்கொண்டு போனார். காரணம் அந்த ஒரு தாள் மட்டும் என்று சொல்ல மாட்டேன். ஆர்டர்களும் குறைந்திருந்தன.

சாவியின் கதையையும் சொல்லிவிட வேண்டும். எல்லாப் பெட்டிகளுக்கும் கட்டளையிடும் சர்வர் ஒன்று என்றால், அதைப் பிடிப்பவனுக்கு எல்லாப் பெட்டிகளும் கிடைக்கும். 2020 மார்ச் 5ஆம் தேதி டெஸ்க்டாப் சென்ட்ரலில் இருந்த ஒரு ஓட்டையை ஓர் ஆய்வாளர் நிறுவனத்துக்கு முன்கூட்டிச் சொல்லாமலே ட்விட்டரில் போட்டார். திருத்தம் உடனே வந்தது, ஆனாலும் ஏபிடி41 என்று அழைக்கப்படும் குழு அந்த ஓட்டையைப் பயன்படுத்தியதை ஃபயர்ஐ பதிவுசெய்தது. அதே மாதம் 25ஆம் தேதி ஊரடங்கு. லேப்டாப்புகள் வீடுகளுக்குப் போயின, அவற்றின் ஏஜென்ட்டுகள் வீட்டு இணையத்திலிருந்து பேச வேண்டுமே என்று பல இடங்களில் சர்வர்களை வெளியுலகுக்குத் திறந்துவைத்தார்கள். 2021 ஜூலை 2இல் அமெரிக்காவின் கசேயாவில் இதே வகை மென்பொருளின் வழியாகவே பணப்பறிப்பு வைரஸை அனுப்பினார்கள். நேரடி வாடிக்கையாளர்கள் அறுபதுக்கும் குறைவு, அவர்கள் மூலம் சிக்கியவை 1,500 நிறுவனங்கள் வரை. ஸ்வீடனில் கூப் கடைகள் நூற்றுக்கணக்கில் மூடிக்கிடந்தன, பில் போட முடியாமல்.

2024 ஜூலை 19 வெள்ளிக்கிழமையில் திருடன்கூட இல்லை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு ஏஜென்ட்டுக்குப் போன ஒரு தப்பான கோப்பு, உலகமெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் பெட்டிகளை நீலத் திரையில் நிறுத்தியது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். 78 நிமிடத்தில் தப்பான கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் விழுந்த பெட்டியில் ஏஜென்ட்டும் விழுந்து கிடந்தது, சேதி சொன்னாலும் கேட்க ஆளில்லை. ஒவ்வொரு பெட்டியாகப் போய், சேஃப் மோடில் எழுப்பி, ஒரு கோப்பை அழிக்க வேண்டும். டிஸ்க் பூட்டியிருந்தால் 48 இலக்க எண்ணை அடிக்க வேண்டும். உலகம் முழுக்க என்னைப் போன்றவர்கள் பேடும் பேனாவுமாக எழுந்து நடந்தார்கள். அப்போது வேண்டியிருந்தது காரோ கேட்ட அந்த ஒரு கட்டம். ஏஜென்ட் ஐபி முகவரி சொல்லும், கடைசியாகப் பேசிய நேரம் சொல்லும். இரண்டாவது மாடியில் ஜன்னலோரம் பீரோவுக்குப் பின்னால் என்று சொல்லாது.

அந்த வருஷக் கடைசியில் அண்ணனூர் பிளாட்ஃபார்மில் அவரைப் பார்த்தேன். பேத்தியை ஸ்கூலில் விட்டுவிட்டு வருகிறாராம்.

"என்ன தம்பி, அன்னைக்கு ஊர் உலகமெல்லாம் கம்ப்யூட்டர் நின்னுபோச்சாமே. நீங்க போட்டீங்களே, அந்த மாதிரிதானா?"

"அதே ஜாதிதான் சார்."

"எந்த மெஷின் எங்க இருக்குன்னு எழுதி வெச்சிருந்தீங்களா?"

"எழுத ஆரம்பிச்சிருக்கோம் சார்."

சிரித்தார். வண்டி வந்தது. ஏறுவதற்கு முன் வழக்கம்போலப் பெட்டியின் ஓரத்தைப் படித்து, "இது மார்ச்ல ஒர்க் ஷாப்புக்குப் போகணும்" என்றார். திருமுல்லைவாயல் தாண்டும்வரை அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பதினொரு மணி நேரப் பட்டியலை எடுத்தவன் நான் என்று அன்றைக்கும் அவரிடம் சொல்லவில்லை.