தொகை காண் வரிக்கு விளக்கவுரை

ஆர்டர்.ஆப்ஜெக்ட்ஸ்.ஃபில்டர்(பெய்ட்=ட்ரூ).அக்ரிகேட்(டோட்டல்=சம்('அமவுண்ட்'))

என்பது, பணம் செலுத்தப்பெற்ற ஆர்டர்களின் தொகை யாவற்றையும் கூட்டித் தருக என்றவாறு. பைதான் மொழியில் இயன்ற ஜாங்கோ என்னும் சட்டகத்து வழங்கும் வரி இது.

'ஆர்டர்' என்றது தனியொரு ஆர்டரை அன்று, மாடலை. ஒருமையாற் கூறினும் டேபிள் முழுதும் அடங்குதலின் சாதியொருமை. 'ஆப்ஜெக்ட்ஸ்' என்பது மேனேஜர். மாடலினின்று டேட்டாபேஸ் புகுதற்கு வாயில்.

'ஃபில்டர்(பெய்ட்=ட்ரூ)' என்பது வரையறை. இதனால் வினவல் கட்டப்படுமேயன்றி டேட்டாபேஸ் தொடப்படாது. இஃது எச்சம்போல் நின்று, பின்வரும் 'அக்ரிகேட்' என்னும் முற்றினை அவாவிற்று. முற்றின்பின் வைத்தாலோ எனின், அக்ரிகேட் தருவது டிக்ஷனரி. அதற்கு ஃபில்டர் என்னும் உறுப்பின்மையின் பிழையாய் முடியும்.

'டோட்டல்' அவ்விடைக்கு இட்ட பெயர். இடாதொழியின் ஜாங்கோ தானே 'அமவுண்ட்', ஈரடிக்கோடு, 'சம்' எனச் சேர்த்துப் பெயரிடும். அஃது இனிதன்று.

'சம்' என்பது கூட்டல். 'அமவுண்ட்' என்பதனை மேற்கோட்குறியுள் வைத்தது, குறித்தது தொகையை அன்று, தொகை நிற்கும் நெடுவரிசையின் பெயரை என்பது தோன்ற. அஃதேல், ஆர்டர்களை ஒவ்வொன்றாய் எடுத்து ஃபார் லூப்பிற் கூட்டினால் ஆகாதோ எனின், விடை பெரும்பாலும் ஒன்றே. ஆயினும் அது களத்து நெல்லையெல்லாம் வீட்டிற்குச் சுமந்துவந்து அளப்பதனோடு ஒக்கும். ஈண்டு அளப்பது களமாகிய டேட்டாபேஸ்; வந்து சேர்வது ஓர் எண்ணே.

இனி, 120, 80, டேட்டாபேஸின் வெற்றிடமாகிய நல் என மூன்று வரிசை உளவாயின், விடை 200. நல் விடுபடும். சராசரி காணும் 'ஏவ்ஜி'யும் அதனை விடுதலின் மூன்றான் வகுக்காது இரண்டான் வகுத்து 100 என்னும். கணக்கெழுதுவார் பலரும் இடறுமிடம் இது.

வரிசை ஒன்றும் இல்வழிச் சுழி வரும் என்று கொள்ளற்க, பைதானின் 'நன்' வரும். உள்ளன யாவும் நல் ஆயினும் அதுவே. நல், நன் என்னும் இரண்டும் ஈண்டு நன்மை குறித்தில, இன்மை குறித்தன. நன்னோடு வேறோர் எண்ணைக் கூட்டப் புகின் நிரல் முறியும். ஆதலின், 2021இல் வந்த ஜாங்கோ 4.0 முதலாக சம்('அமவுண்ட்', டிஃபால்ட்=0) என எழுதுப. முந்தைய பதிப்பினர் கோஅலெஸ் என்பதனுட் பொதிந்து இப்பயன் கொண்டார்.